டேப்பு அண்ணன் நட்ட சாமி

மனை பார்க்க வந்தவர்களை வாங்கவிடாமல் திருப்பி அனுப்புவதில் டேப்பு அண்ணனை அடிக்க மதுரை ஜில்லாவில் ஆள் கிடையாது. இத்தனைக்கும் அவர் வேலை பார்த்தது மனை விற்கிற கம்பெனியில். விளாங்குடியில் இருந்த அந்த ஆபீசில் நான் பிளான் வரைவேன். அவர் நிலத்தில் டேப்பு பிடித்து அளப்பார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

சமயநல்லூர்ப் பக்கம் வைகைக் கரையோரம் ஒரு லேஅவுட் போட்டோம். அதன் கடைசி மனையில், ஈரத்தில், நீர்முள்ளிப் புதர் ஒன்று ஊதா ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. அது மனைக்குள் வராதபடி அண்ணன் டேப்பை வளைத்து அளந்தார். முதலாளி முறைத்தால், "வெயிலுக்கு டேப்பு வளைஞ்சுபோச்சு மொதலாளி" என்பார். மனை பார்க்க வந்த தம்பதியிடம், "தாராளமா வீடு கட்டுங்க. ஆத்துல தண்ணி வர்றன்னைக்கு மட்டும் மாடியில படுத்துக்கங்க" என்றார். அவர்கள் காரில் ஏறிய வேகத்தில் ஒற்றைச் செருப்பு அங்கேயே கிடந்தது.

"ஒரு முள்ளுச் செடிக்கு எதுக்குண்ணே இம்புட்டுப் பாடு?" என்று கேட்டேன்.

"விளாங்குடியில இருந்து இங்கன வரைக்கும் கரை பூராம் இதேன் மாப்ள பூத்துக் கெடந்துச்சு. அம்புட்டு எடத்துக்கும் நான்தேன் டேப்பு புடிச்சேன். மிச்சம் இது ஒண்ணுதேன்."



கடைசியில் முதலாளி புதரைத் தள்ள ஜேசிபிக்குச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், புதருக்கு முன்னால் எங்கள் ஆபீஸ் எல்லைக்கல் ஒன்று மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டிக்கொண்டு நிற்கிறது. ஜேசிபி டிரைவர் இறங்கினார், செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரத்துக்கு டேப்பு அண்ணனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஆனால் சாமி வந்துவிட்டால் சனம் சும்மா இருக்குமா? முதல் வெள்ளிக்கிழமை நாலு பேர் வந்தார்கள். அடுத்த வெள்ளி நாற்பது பேர். பக்கத்திலேயே கோயில் என்றதும் மனைகள் போட்டி போட்டு விற்றன. முதலாளியே மணி வாங்கிக் கட்டினார். தை வெள்ளிக்குப் பொங்கல் வைக்க வந்த பெண்கள் வெறுங்காலோடு நடந்ததில் முள் குத்தியது. சாமி இருக்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா என்று, அன்றைக்கே புதரை வேரோடு வெட்டி எடுத்து, அந்த இடத்தில் சிமெண்டும் பூசிவிட்டார்கள்.

நாங்கள் போனபோது ஒரு அம்மா அண்ணன் கையில் பொங்கலை வைத்து, "ஆத்தா எடம் இப்பத்தேன் பளிச்சுன்னு இருக்கு, சாப்புடுங்கண்ணே" என்றார். கல்லை நட்டதே தான்தான் என்று அந்த மனுஷன் யாரிடம் போய்ச் சொல்வார்? பொங்கலைக் கையில் வைத்தபடியே நின்றார். என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "இதையும் நான்தேன் மாப்ள அழிச்சேன்."

அன்றோடு வேலையை விட்டுவிட்டார். இப்போது பழங்காநத்தத்தில் ஒரு இரும்புக் கடையில் இருக்கிறார். ஆற்றோரம் வண்டியில் போகும்போதெல்லாம் நான் ஊதா நிறத்தைத் தேடுகிறேன். ஒன்று கண்ணில் பட்டால் முதல் போன் அவருக்குத்தான்.

இன்னும் கண்ணில் படவில்லை, அண்ணே.