கணுக்காலில் கட்டிய வாட்ச்

நாற்பத்தெட்டு வயதில் விளையாட்டு வீரன் ஆவது என்று நான் தீர்மானித்ததற்கு நாட்டுப்பற்று காரணம் அல்ல. கேசரிதான் காரணம்.

ஆடி மாதம் எனக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை பார்டர்ல நிக்குது" என்றார். நான் காஞ்சிபுரத்தில் பட்டுக் கடை சேல்ஸ்மேன். பார்டரைப் பார்த்து நான் பயப்படலாமா? சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி சங்கரி சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே வீட்டுச் சர்க்கரை டப்பா காணாமல் போனது. வெல்லம் போனது. தேன் பாட்டில் போனது. பூஜை அலமாரியில் கற்கண்டு வைத்திருந்த கிண்ணமும் போனது. சாமிக்கே அன்றிலிருந்து வெறும் பழம்தான்.

இதையும் பொறுத்திருப்பேன். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு சட்டம் என்றால் யார் பொறுப்பார்கள்? என் மகள் அனு காலேஜில் படிக்கிறாள். நீண்ட தூர ஓட்டக்காரி. மைதானத்துக்குப் போகும் முன் அவளுக்குப் பேரீச்சம்பழம். ஓடும்போது குடிக்க எலுமிச்சை, உப்பு, சர்க்கரை போட்ட தண்ணீர். திரும்பி வந்ததும் அவித்த முட்டை, கூடவே நெய் மினுங்கும் கேசரி. எதிரே உட்கார்ந்து நான் சர்க்கரை இல்லாத காபியைக் கஷாயம் போல விழுங்குவேன். கேசரியின் வாசனை என் மூக்கில் ஏறும். உட்கார முடியாது. நிற்க முடியாது. அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

"இது இன்னா நியாயம் சங்கரி? அவளுக்கு மட்டும் கேசரியா?"

"அவ ஓடறா. நீங்க ஓடறீங்களா?"

"ஓடறதுக்கும் கேசரிக்கும் இன்னா சம்பந்தம்?"

அனு முட்டையை மென்றுகொண்டே சொன்னாள். "ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடினா உடம்புல இருக்கிற ஸ்டாக் தீர்ந்துடும்பா. அப்ப சாப்பிடற சக்கரை நேரா தசைக்குப் போயிடும். சும்மா குந்திக்கினு இருக்கிறவங்க சாப்பிட்டா அது போக்கிடம் இல்லாம ரத்தத்துலயே சுத்திக்கினு இருக்கும். எங்க கோச் சொன்னாரு."

'சும்மா குந்திக்கினு' என்ற இடத்தில் அம்மாவும் பெண்ணும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்ய? பட்டுக் கடையில் சேல்ஸ்மேன் மெத்தையில் உட்கார்ந்துதான் புடவையை விரிக்க வேண்டும். நின்றுகொண்டு விரித்தால் சலவைக் கடை என்று நினைத்துவிடுவார்கள்.

சங்கரி விடவில்லை. "ஓட முடியலன்னா தறியிலயாவது குந்துங்க. புரட்டாசி பொறந்துடுச்சு. தை வந்தா ரேவதிக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை நம்ம தறிப் புடவைதான்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லி வச்சிருக்குறேன். தறியில பாவு நூல் ஏத்தி எத்தினி மாசம் ஆவுது? பல்லி முட்டை வச்சிருக்குது."

ரேவதி அவள் தங்கை. தறி எங்கள் அப்பா விட்டுப்போனது. வீட்டில் இடம் இல்லாததால் பக்கத்துத் தெரு பழனி வீட்டில், அவன் தறிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பகலெல்லாம் புடவை விரித்தவனைக் காலையில் எழுந்து புடவை நெய்யச் சொன்னால் எப்படி? கடைக்காரர் புடவைக்குக் கெடு உண்டு. மச்சினி புடவைக்கு ஏது கெடு?

"தறியை விடு" என்றேன். "நாளைலேர்ந்து நான் ஓடறேன். தினமும். ஒரு மணி நேரம்."

சங்கரி கேசரிக் கிண்ணத்தை அனு பக்கம் நகர்த்தினாள்.

"ஓடுங்க" என்றாள் சங்கரி. "ஒரு மணி நேரம் ஓடினதா வாட்ச் காட்டட்டும். கேசரி தானா வரும்."

அனு சந்தோஷமாகத் தன் பழைய வாட்சைக் கொண்டுவந்து என் கையில் கட்டினாள். எத்தனை எட்டு வைத்தேன், எவ்வளவு நேரம், நெஞ்சு எப்படி அடிக்கிறது, எல்லாவற்றையும் அது அவள் போனுக்குக் கோள் சொல்லிவிடும்.

மறுநாள் விடியலில் புது ஷூவோடு புறப்பட்டேன். தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. அங்கே தெரு நீளத்துக்குப் பாவு விரித்து நூலைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். "சபாபதி, சும்மாத்தான ஓடற? இந்த முனையைக் கொஞ்சம் புடி" என்றார்கள். பட்டுப் பாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடும் துணிச்சல் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. பிடித்துக்கொண்டு நின்றேன். விட்டதும் ஓரிக்கை ரோட்டில் ஓடினேன். நாய்கள் கூட ஓடிவந்தன. அவை என்னைவிட நன்றாக ஓடின. நுரையீரல் வாய்க்கு வந்தபோது நல்ல வேளையாக வேல்முருகன் டீக்கடை எதிரே வந்தது.

"ஒரு டீ. சக்கரை தூக்கலா."

"சக்கரை கிடையாதுபா" என்றான் வேல்முருகன்.

"டீக்கடையில சக்கரை கிடையாதா?"

"கடையில இருக்குது. உனக்குத்தான் கிடையாது. சங்கரி அக்கா ஆடியிலயே போன் பண்ணிச்சு."

வாட்சைப் பார்த்தேன். பத்து நிமிஷம்கூட ஓடியிருக்கவில்லை. வாழ்க்கை வெறுத்துப்போய், மூச்சு வாங்கிக்கொள்ளப் பழனி வீட்டுக்குள் நுழைந்து என் தறியில் உட்கார்ந்தேன். எங்களுடையது குழித்தறி. பலகையில் உட்கார்ந்து குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். எரிச்சலில் சும்மா நாலு மிதி மிதித்தேன். கையில் வாட்ச் துடித்தது. 'சபாஷ், அப்படியே தொடருங்கள்' என்றது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையில் இருக்கும்போதே இப்படி என்றால்? கழற்றிக் கணுக்காலில் கட்டினேன். மிதித்தேன். எண்கள் மளமளவென்று ஏறின. சும்மா மிதித்தால் நூல் சிக்கிக்கொள்ளும் என்பதால் குறுக்கு நூல் கோத்த நாடாவையும் எறிந்து ஒழுங்காகவே நெய்தேன். ஒரு மணி நேரம் முடிந்ததும் வாட்ச் எனக்கு ஒரு மெடல் படம் காட்டியது.

பழனி பல் தேய்த்துக்கொண்டே வந்தான். "இன்னா சபா, கால்ல கொலுசு போட்டுக்கினு கீற?"

"ஓடறேன்பா."

"குழிக்குள்ளயா?"

"யாருகிட்டயும் சொல்லாத. கேசரியில பங்கு தரேன்."

வேர்வை போலத் தெரிய, அவன் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் மொண்டு தலையிலும் சட்டையிலும் தெளித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் அனு துள்ளிக் குதித்தாள். சங்கரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். காலைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு ஒரு கிண்ணம் கேசரியை என் முன்னால் வைத்தாள். முதல் வாயில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிலிருந்து தினமும் ஓட்டம்தான். பேரீச்சம்பழம் வந்தது. சர்க்கரைத் தண்ணீர் பாட்டில் வந்தது. ஒரு நாள் வேர்வைக்காக அவசரத்தில் மொண்டது பழனி சாயம் அலசி வைத்திருந்த வாளியில். வீட்டு வெளிச்சத்தில்தான் தெரிந்தது.

"இன்னாங்க, வேர்வை அரக்குக் கலர்ல ஊத்துது?" என்றாள் சங்கரி.

"உழைப்புமா. அந்த அளவுக்கு ஓடியிருக்குறேன்."

"ம்" என்று சொல்லிக் கேசரியில் இன்னொரு கரண்டி நெய் விட்டாள். உலகத்தில் இவளைப் போல ஒரு வெகுளி உண்டா என்று எனக்குப் பாவமாக இருந்தது.

ஜரிகைப் பூ போடும் நாட்களில் மிதி மெதுவாகத்தான் போகும். அனு போனைப் பார்த்துக் கேட்பாள். "நடுவுல ஏன்பா ஸ்லோ ஆயிட்டீங்க?"

"ஓரிக்கை மேட்டுல ஏறினேம்மா."

"ஓரிக்கையில ஏதுப்பா மேடு?"

"இந்த வயசுக்கு எல்லாம் மேடுதான்."

அப்படிப்பட்ட நாளுக்கு மறுநாள் கேசரியில் முந்திரி குறைந்திருக்கும். கேட்டால், "தீந்துப்போச்சு" என்பாள் சங்கரி. அதற்கடுத்த நாள் எப்படியோ முந்திரி வந்துவிடும்.

மார்கழியில் இடி விழுந்தது. அனு மூச்சிரைக்க ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, உங்க கணக்கை எங்க கோச்கிட்ட காட்டினேன். அசந்துட்டாருப்பா. ஞாயித்துக்கிழமை தாமல் ஏரிக்கரையில ஓட்டப்போட்டி வைக்கிறாங்க. பெரியவங்க பிரிவுல உங்க பேரைக் கொடுத்துட்டேன். என் பிரெண்ட்ஸ் எல்லாம் வர்றாங்க, உங்களைப் பார்க்க."

வாயில் இருந்த கேசரி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. தாமல் ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? அக்கரை கண்ணுக்குத் தெரியாது. அதன் கரையில் நான் ஓடுவதாவது. ஆனால் அனுவின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது. அந்தப் பெண் பிறந்ததிலிருந்து என்னைப் பற்றி வெளியே பெருமையாகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அந்த வாரம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. முட்டி வலி என்றேன். அனு ஸ்ப்ரே அடித்தாள். காய்ச்சல் என்றேன். தெர்மாமீட்டர் என்னைக் காட்டிக்கொடுத்தது. கடையில் பச்சை கேட்டவருக்கு நீலத்தை விரித்தேன். தறியில் உட்கார்ந்தால்தான் கொஞ்சம் மனசு அடங்கியது. பதற்றத்தில் மிதித்த மிதியில் முந்தானையே முடிந்துபோய், வெள்ளிக்கிழமை காலை புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்துவிட்டேன். அதுவாவது கையில் இருக்கட்டும் என்று மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அனு மைதானத்தில் இருந்தாள். சங்கரி அடுப்பங்கரையில் ரவை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"சங்கரி, ஒரு விஷயம். கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"நான் ஓடவே இல்லமா. ஒரு நாள்கூட ஓடல. வாட்சைக் கால்ல கட்டிக்கினு தறி மிதிச்சேன்."

"தெரியும்" என்றாள். கரண்டி நிற்கவில்லை.

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து. ஓடப் போனவரு கால் சாக்ஸ்ல பட்டு நூல் ஒட்டிக்கினு வந்துது. ஓரிக்கை ரோட்டுல எந்த மரத்துல பட்டு காய்க்குது?"

"அப்புறம் எதுக்குக் கேசரி கொடுத்த?"

"மதியானம் நீங்க கடையில இருக்கும்போது பழனி அண்ணன் வீட்டுக்குப் போய் முழம் போட்டுப் பார்த்துக்கினுதான் இருந்தேன். உழைச்ச உடம்புக்குச் சக்கரை ஒண்ணும் பண்ணாதுன்னு அனு சொன்னா இல்ல? எவ்ளோ நெய்ஞ்சீங்களோ அவ்ளோ கேசரி. நாலு விரல்கூட நகரலன்னா மறுநாள் முந்திரி கிடையாது." அடுப்பை அணைத்துவிட்டுப் புடவையை வாங்கி விரித்துப் பார்த்தாள். "கரை நேரா வந்திருக்குது. இத்தினி வருஷத்துல இவ்ளோ வேகமா நீங்க நெய்ஞ்சதே இல்ல."

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் இவளை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு மூன்று மாதம் மாடு மாதிரி உழைத்திருக்கிறேன். ஆனால் கோபப்பட நேரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிட்டே வந்துகொண்டிருந்தது.

"சரி, போவட்டும். தாமலுக்கு ஒரு வழி சொல்லு. அனு முன்னால என் மானம் போயிடும்மா."

"மாமனார் வழிச் சொந்தத்துல ஒரு சாவு, ஓடக் கூடாதுன்னு சொல்லிடறேன். தூரத்துச் சொந்தம்தான். அவ நம்புவா. வாட்ச் விஷயம் அவ காதுக்குப் போவாது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தெய்வம் என்றேன்.

"ஆனா ஒண்ணு" என்றது தெய்வம். "ரேவதிக்குக் கூடப் பொறந்த அக்கா நான், கல்யாணத்துல பழைய புடவையில நிக்க முடியாது. எனக்கும் ஒண்ணு வேணும். மாம்பழக் கலர்."

"நெய்யறேன். நாளைக்கே குந்தறேன். கேசரி உண்டில்ல?"

"தூரத்துச் சாவுன்னாலும் தீட்டு தீட்டுதான? கல்யாணம் முடியற வரைக்கும் வீட்டுல இனிப்பு செஞ்சா அனுவுக்குச் சந்தேகம் வரும். அவ காலேஜ் கேன்டீன்ல சாப்பிட்டுக்குவா."

ஞாயிற்றுக்கிழமை விடியலில் அனு தனியாகத் தாமலுக்குப் போனாள். நான் சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துவிட்டு, செத்தே போகாத உறவினரைத் திட்டிக்கொண்டு, மாம்பழக் கலர் பாவின் முன் போய் உட்கார்ந்தேன்.