பஸ்ஸுல போட்ட அப்டேட்டும் ஸ்டேஷன்ல தொலைஞ்ச வெங்கடேசனும்

போன ஞாயித்துக்கிழமை எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். காலையில ஒம்போதரைக்கு ரயில்ல வர்ற மாப்பிள்ளை வீட்டாரை திருப்பதி ஸ்டேஷன்ல பாத்து, திருச்சானூர் லாட்ஜுக்குக் கூப்பிட்டுக்கினு போகணும்.

ஆறு பேரு. ரெண்டு ஆட்டோ. இருபது நிமிஷ வேலை.

பதினோரு மணிக்கு அந்த லாட்ஜ் ஹால்லயே என் தங்கச்சி கோமதிக்கு நிச்சயதார்த்தம். நைனா, அம்மா, தங்கச்சி, என் வீட்டுக்காரி தனம், எல்லாரும் தட்டு வரிசையோட ஊர்லேர்ந்து வேன்ல நேரா அங்க வந்துடுவாங்க. நான் மட்டும் முன்னாடியே பஸ் ஏறிட்டேன்.

கெளம்பறப்ப நைனா ஒரு துண்டு பேப்பரை நீட்டினாரு. "மாப்பிள்ளை அப்பாவோட நம்பரு. பாக்கெட்ல வெச்சிக்கோ."

"நைனா, எந்தக் காலத்துல இருக்கற நீ? எல்லாம் போன்ல இருக்குது."

அவரு பேப்பரை மடிச்சு தன் சட்டைப் பையிலேயே வெச்சிக்கினாரு.

இங்க என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடறேன். பேரு ஏழுமலை. ஸ்ரீ சிட்டில ஒரு ஃபேக்டரில குவாலிட்டி செக்கிங். அங்க என் பேச்சை ஒருத்தனும் கேக்க மாட்டான். ஆனா போன் பத்திப் பேசற ஒரு தமிழ் ஃபோரம்ல நான் 'சிப்செட் சிங்காரம்'. மாடரேட்டர்! எவன் பதிவு நிக்கணும், எவனை ஏழு நாள் வெளிய நிறுத்தணும், எல்லாம் என் கையில. அன்னிக்குக் காலையில டியூட்டியும் என்னோடதுதான்.

பஸ் புத்தூர் தாண்டிச்சு. சீட் கெடைச்ச சந்தோஷத்துல ஃபோரத்தைத் தொறந்தேன். உள்ள அனல் பறக்குது. நான் வெச்சிருக்கற கம்பெனி போனுக்குப் புது அப்டேட் வந்திருக்குதாம். உடனே போடலாமா, கொஞ்ச நாள் பொறுக்கலாமான்னு பெரிய சண்டை.

'ஹேங்காகாதவன்'னு ஒரு ஆளு. எனக்குப் பரம எதிரி. எதிர்க் கம்பெனி போன் வெச்சிருக்கற ஜென்மம். மூணு தடவை வெளிய நிறுத்தியிருக்கேன். மூணு தடவையும் திரும்பி வந்து "வணக்கம் சிங்காரம், சௌக்கியமா?"ன்னு கேட்ட ஆளு. அன்னிக்கு என்ன எழுதியிருந்தான் தெரியுமா?

"வெளியில போறப்ப யாரும் அப்டேட் போடாதீங்க. வீட்டுல சார்ஜர் பக்கத்துல உக்காந்து போடுங்க."

யோசிச்சுப் பாத்தா நல்ல புத்திதான். ஆனா சொன்னது யாரு? நான் விடுவேனா?

"அப்டேட்டுக்கு பயப்படறவன் பட்டன் போனுக்குப் போயிடலாம். நான் இப்போ ஓடற பஸ்ஸுல போடறேன். பத்து நிமிஷத்துல ஸ்க்ரீன்ஷாட் வரும். கத்துக்கோங்க!"

மடமடன்னு லைக் விழுந்தது. அந்த தைரியத்துல பட்டனை அமுக்கிட்டேன்.

திரையில கம்பெனி முத்திரை வந்துச்சு. கீழ ஒரு வட்டம் சுத்திச்சு. ரேணிகுண்டா வந்தது, வட்டம் சுத்திச்சு. திருப்பதி வந்தது, வட்டம் சுத்திச்சு. ஸ்டேஷன் வாசல்ல கால் வெச்சேன். வட்டம் நின்னுச்சு.

போனும் நின்னுபோச்சு.

அமுக்கினேன். அழுத்தினேன். ரெண்டு பட்டனை சேத்துப் பிடிச்சேன். தொடையில தட்டினேன். ஒரு மாடரேட்டர் செய்யக்கூடாத காரியம், ஊதிக்கூடப் பாத்தேன். ஊஹூம். கறுப்புக் கண்ணாடில என் மூஞ்சிதான் தெரிஞ்சுது.

சரி, போன் இல்லாட்டி என்ன? மனுஷங்களைக் கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியாதான்னு பிளாட்ஃபார்முக்குப் போனேன். அங்க போனப்பறம்தான் ஒரு விஷயம் உறைச்சுது. மாப்பிள்ளை வீட்டார் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எனக்கு ஷிஃப்ட். அவங்க ஒருத்தர் மூஞ்சியும் நான் பாத்ததில்ல. மாப்பிள்ளை போட்டோ எங்க இருக்குது? போன்ல.

பேரு தெரியும். வெங்கடேசன்.

ரயில் வந்துச்சு. ஜனங்க கொட்டினாங்க. கூட்டத்துக்கு நடுவுல நின்னு ரெண்டு கையும் தூக்கி, அடிவயித்துலேர்ந்து கத்தினேன்.

"வெங்கடேசா!"

திருப்பதி ஸ்டேஷன்ல நின்னு கத்தற பேரா அது? பத்து பதினஞ்சு தலை திரும்பிச்சு. மறு நிமிஷம் பிளாட்ஃபார்மே சேந்து, "கோவிந்தா! கோவிந்தா!"

இன்னொரு தடவை கத்தினேன். இன்னும் பலமா கோவிந்தா. மொட்டை போட்ட ஒரு பெரியவரு என்கிட்ட வந்து கையெடுத்துக் கும்பிட்டு, "மஞ்சி கொந்து, நாயனா"ன்னாரு. நல்ல குரலாம்!

கூட்டம் கரைஞ்சுது. வெங்கடேசன்னு ஒருத்தரும் வரலை.

வெளிய வந்து ஒரு ஜெராக்ஸ் கடையில போய் நின்னேன். "ஒரே ஒரு போன் பண்ணிக்கறேன் அண்ணா"ன்னு கெஞ்சினேன். கடைக்காரரு போனைக் குடுத்தாரு. வாங்கினேன். விரலைத் திரை மேல வெச்சேன். விரல் அப்படியே நிக்குது.

யார் நம்பரு எனக்கு மனப்பாடம்?

வீட்டுக்காரி நம்பரா? 'தனம்'னு சேவ் பண்ணியிருக்கேன், அவ்ளோதான் தெரியும். நைனா நம்பரு ஒம்போதுல ஆரம்பிக்கும். அப்பறம்? தங்கச்சி ஏற்கனவே மூணு தடவை நம்பர் மாத்திட்டா. எனக்கு முழுசா தெரிஞ்ச ஒரே நம்பர் என்னோடதுதான்.

அதுக்கே போட்டேன். சுவிட்ச் ஆஃப்னு சொல்லிச்சு.

கடைக்காரரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. "யாருக்கு சார் போட்டீங்க?"

"எனக்குத்தான்."

அவரு போனை வாங்கி உள்ள வெச்சிட்டாரு.

அப்பதான் அவரு கடை கம்ப்யூட்டர் கண்ணுல பட்டுது. காசு குடுத்து அது முன்னாடி உக்காந்தேன். பெத்தவங்க நம்பர் தெரியாதே தவிர ஃபோரம் பாஸ்வேர்டு எனக்கு அத்துப்படி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவுல டாலர் குறி, ஒண்ணு விடாம அடிச்சேன். ஆயிரக்கணக்குல ஆளுங்க இருக்கற ஃபோரமாச்சே, திருப்பதில ஒருத்தன் இருக்க மாட்டானா?

'புது இடத்துலேர்ந்து நுழையறீங்க. உங்க போனுக்கு அனுப்பின ஓ.டி.பி.யைப் போடவும்.'

எந்தப் போனுக்கு? செத்துப்போன போனுக்கு!

பல்லைக் கடிச்சிக்கினு 'ஏழுமலை'ன்னு புதுசா ஒரு கணக்கு ஆரம்பிச்சேன். நெலைமையை எழுதி அனுப்பினேன். திரையில ஒரு பொட்டி வந்து நின்னுச்சு.

'புதியவர்களின் பதிவு மாடரேட்டர் அனுமதித்த பின்பே வெளிவரும். அவசரப்படாதீர்கள். மாடரேட்டரும் மனிதர்தான்.'

அந்த வாசகத்தை எழுதினதே நான்தான். அனுமதிக்க வேண்டிய டியூட்டி மாடரேட்டரும் நான்தான். என் பதிவை நான் அனுமதிக்கணும்னா எனக்கு என் போன் வேணும்!

மணி பத்து.

அனுமதி இல்லாம புது ஆளு எழுதக்கூடிய எடம் ஃபோரம்ல ஒண்ணே ஒண்ணு. சினிமா ரசிகருங்க அடிச்சிக்கறதுக்குன்னு நாங்க தனியா வெட்டி விட்ட குப்பைத்தொட்டி. அன்னிக்கு அங்க ரெண்டு ஹீரோவோட ஆளுங்க, யாரு டீசர்ல அதிகமா ஸ்லோமோஷன் இருக்குதுன்னு முட்டிக்கினு இருந்தாங்க. நடுவுல போய் நொழைஞ்சேன்.

"திருப்பதி ஸ்டேஷன் எதிர்ல ஜெராக்ஸ் கடையில நிக்கறேன். பஸ்ஸுல அப்டேட் போட்டதுல போன் செத்துடுச்சு. தங்கச்சிக்கு இன்னிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டாரைக் காணோம். யாராச்சும் உதவி பண்ணுங்க."

பதில் சரசரன்னு வந்துச்சு.

"முதல்ல நீ எங்க ஹீரோ ஆளா, அவங்க ஆளா?"

"இது அவங்க பரப்பற ஃபேக் ஐடி. நம்பாதீங்க."

"மாப்பிள்ளை என்ன மாடல் போன் வெச்சிருக்காரு?"

"அப்டேட் போடறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்தீங்களா, ப்ரோ?"

ஒருத்தன் நான் எழுதினதையே மீம் ஆக்கிட்டான். அதுக்கு இருநூறு சிரிப்பு.

கடைசியா ஒரு பதில். "நான் திருப்பதிலதான் இருக்கேன். அங்கேயே நில்லுங்க. பத்து நிமிஷம்." அனுப்பினது, ஹேங்காகாதவன்.

ஓடிடலாமான்னு பாத்தேன். ஓடறதுக்கு எடம் தெரியணுமே, மேப்பும் போன்லதான் இருக்குது.

மீசை வெச்ச தடியன் ஒருத்தன் வருவான்னு நெனச்சிக்கினு நின்னேன். வந்தது ஸ்கூட்டர்ல ஒரு அம்மா. அம்பது வயசு இருக்கும். காட்டன் புடவை, ஹெல்மெட், கண்ணாடி.

"ஏமய்யா, ஏழுமலை நுவ்வேனா?" நீதானான்னு தெலுங்குல கேட்டாங்க.

"ஆ... ஆமா மேடம். நீங்க?"

"நான்தான் ஹேங்காகாதவன்." ஹெல்மெட்டைக் கழட்டினாங்க. "பொம்பளை பேருல எழுதினா போன் பத்திப் பேச விடமாட்டேங்கறாங்க. அதான் ஆம்பளை பேரு. பேரு சரோஜா, ஜூனியர் காலேஜ்ல பிசிக்ஸ் லெக்சரர். புத்தூர்ல பொறந்தவ. தமிழ்லயே பேசு. சரி, ஓடற பஸ்ஸுல அப்டேட் போடச் சொல்லி உனக்கு எவன் சொன்னான்?"

லெக்சரர் கேக்கற கேள்வி. பொய் சொல்ல வாய் வரலை. உண்மையைச் சொல்லவும் தைரியம் வரலை.

"ஃபோரம்லதான் மேடம். சிப்செட் சிங்காரம்னு ஒருத்தரு எழுதியிருந்தாரு."

"அவனா! அவன் ஒரு முழு லூசாச்சே!"

நான் ஸ்கூட்டர் நம்பர் பிளேட்டைப் படிக்க ஆரம்பிச்சேன்.

"லூசா இல்லையா? சொல்லு!"

"லூசுதான் மேடம்."

"அவன் பேச்சைக் கேட்டு எத்தனை குடும்பம் நாசமாயிருக்கோ!"

"நிறைய இருக்கும் மேடம்."

"சரி விடு. அவங்களை எங்க கூப்பிட்டுக்கினு போகணும் நீ?"

"திருச்சானூர் லாட்ஜுக்கு."

"அந்த லாட்ஜ் பேரு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"அப்பறம் நீ ஏன் இங்க நின்னுக்கினு இருக்கே?"

நியாயமான கேள்வி. முக்கால் மணி நேரமா அது எனக்குத் தோணவே இல்ல. அவங்க இல்லாம நான் மட்டும் போய் நின்னா நைனா என்ன சொல்வாருன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்.

"ஏறு"ன்னாங்க. ஏறினேன். பொண்ணோட அண்ணன் நான், பட்டு வேட்டியோட, ஒரு லெக்சரர் ஸ்கூட்டர் பின்னாடி ஒருக்களிச்சு உக்காந்துக்கினு திருச்சானூர் போய் எறங்கினேன்.

லாட்ஜ் ஹால்ல எல்லாரும் ஜம்முனு உக்காந்திருக்காங்க. மாப்பிள்ளை வீட்டார் ஆறு பேரும் டிபன் துன்னுட்டு, ரெண்டாவது காபில இருக்காங்க. நான் எடுக்கலைன்னதும் நைனாவுக்குப் போன் போட்டிருக்காங்க. நைனா பட்டன் போனை எடுத்து வழி சொல்லிட்டாரு. ஷேர் ஆட்டோ பிடிச்சு தானாவே வந்து சேந்துட்டாங்க. காணாம போனது நான் ஒருத்தன்தான்.

தனத்துக்கு கண்ணு சிவந்திருந்துச்சு. லாரி கீரி மோதிடுச்சோன்னு பயந்துட்டாளாம். அதுதான் எனக்கு சுருக்குனு இருந்துச்சு. தங்கச்சி பூ வெச்ச தலையோட ஓடியாந்து, "அண்ணா, நீ இல்லாம தட்டு மாத்த மாட்டேன்னு சொல்லிட்டேன்"ன்னா.

அப்ப மாப்பிள்ளை என்னை உத்துப் பாத்தாரு.

"ஸ்டேஷன்ல வெங்கடேசான்னு கத்தினது நீங்கதானா? நான் திரும்பிப் பாத்தேங்க. எல்லாரும் கோவிந்தா போட்டாங்க. சரி, யாரோ வேண்டுதல்னு நெனச்சேன்."

"நான் கூட கோவிந்தா போட்டேன்"ன்னு சொன்னாங்க அவரோட அம்மா, பக்தியோட.

தட்டு மாத்தினாங்க. நல்லபடியா முடிஞ்சுது. சரோஜா மேடத்தை நைனா விடலை. "சாப்பிட்டுத்தான் போகணும்"னு என் பக்கத்து எலையில உக்கார வெச்சிட்டாரு. பாயசம் வந்தப்ப, எலைக்குப் பக்கத்துல பொணமாக் கெடந்த என் போன் தானா ஒரு உறுமு உறுமிச்சு. திரை பளிச்சுன்னு வந்துச்சு.

எனக்கு முன்னாடி மேடம் குனிஞ்சு சத்தமா படிச்சாங்க. "சிப்செட் சிங்காரம், உங்கள் அனுமதிக்காக ஒரு பதிவு காத்திருக்கிறது."

பந்தி கலகலன்னு இருக்குது. நான் போனைக் கவுத்துப் போட்டேன்.

மேடம் பாயசத்தை நிதானமா ஒரு வாய் குடிச்சாங்க. கண்ணாடியை சரி பண்ணிக்கினாங்க.

"வணக்கம் சிங்காரம். சௌக்கியமா?"

"மேடம்..."

"நீ லூசுன்னு உன் வாயாலயே ஒத்துக்கினே இல்ல? அதை ஃபோரம்ல எழுது. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

எழுதினேன். எலையில உக்காந்தபடியே, எடது கையால. நான் இத்தனை வருஷமா எழுதினதுல அதுக்குத்தான் அதிக லைக்கு.

கல்யாணம் ரெண்டு மாசத்துல. நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் நைனா எல்லாருக்கும் பொறுப்பு பிரிச்சாரு. மண்டபம் சித்தப்பா. சமையல் பெரிய மாமா. பத்திரிகை, தனம். வரவேற்புக்கு சரோஜா மேடத்தையே கூப்பிட்டிருக்காங்களாம்.

"எனக்கு என்ன வேலை நைனா?"ன்னு கேட்டேன்.

"பந்தியில தண்ணி பாட்டில் வெக்கறது. அதுக்கு அப்டேட் வராது."