பரிசீலனையில் உள்ள மரம்

ஒரு குடிமகன் தன் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்தை வெட்ட நினைத்தால், அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மரமா இல்லையா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். இது விதி. அந்த நகரத்தில் இந்த விதியை உண்மையென்று நம்பி அதன்படி நடந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ஒரு தையற்காரர். துணியில் கத்தரி வைக்கும் முன் இரண்டு தரம் அளப்பார். அளந்த பிறகும் துணி கொடுத்தவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். தொழில் அவரை அப்படிப் பழக்கிவிட்டது.

மரம் பாதி பட்டுப்போய்ச் சாய்ந்து நின்றது. அதன் பெரிய கிளை படுக்கையறைக் கூரைக்கு நேர் மேலே நீண்டிருந்தது. காற்றடித்தால் அது முனகுகிற முனகலில் தையற்காரரின் மனைவிக்குத் தூக்கமே போய்விட்டது. ஒரு நாள் கட்டிலை இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் போட்டுவிட்டாள். மரம் போகும் வரை அந்த அறைக்குள் காலடி வைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது.

பக்கத்து வீட்டு ரொட்டிக்காரர் கொல்லையிலும் இதே வகை மரம் ஒன்று இருந்தது. காலையில் ரம்பத்தை எடுத்தார். மத்தியானம் அடிமரத் துண்டின் மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். யாரையும் எதையும் கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ரம்பத்தை இரவல் தருவதாக அவரே வந்து சொன்னார். தையற்காரர் பதறிப்போய் மறுத்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நகர அலுவலகத்துக்குப் போனார்.

மரப் பாதுகாப்புப் பிரிவு மாடியில் கடைசி அறையில் இருந்தது. ஒரு மேசை, ஒரு அலுவலர், தண்ணீர் காணாத ஒரு தொட்டிச் செடி. பிரிவு தொடங்கிய நாள் முதல் படியேறி வந்த முதல் ஆள் என்பதால் அலுவலர் எழுந்து நின்றே வரவேற்றார்.

"சார், என் வீட்டு மரம் பாதுகாக்கப்பட்ட மரமான்னு தெரிஞ்சுக்கணும்."

"இதுவரைக்கும் இல்ல."

"அப்ப வெட்டிக்கலாமா?"

"இதுவரைக்கும்னுதான் சொன்னேன். இப்ப நீங்க கேட்டுட்டீங்க. கேட்டா மரம் பரிசீலனைக்கு வந்துடும். பரிசீலனையில இருக்கிற எதையும் இருக்கிற இடத்தைவிட்டு அசைக்கக் கூடாது."

"கேக்காம வெட்டியிருந்தா?"

"அப்ப மரமே இருக்காதே. இல்லாத மரத்தை நாங்க எப்படிப் பாதுகாக்கிறது?"

அப்படியானால் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார் தையற்காரர். தாராளமாக வாங்கலாம், ஆனால் கேள்வியும் இப்போது பரிசீலனையில் இருக்கிறதே என்று அலுவலர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

மறுநாளே அவர் வந்து மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, 'பரிசீலனையில் உள்ள மரம். நிழலில் நிற்போர் மரியாதையாக நிற்கவும்' என்று பலகை வைத்தார். தையற்காரரின் மனைவி அந்தக் கயிற்றில் துவைத்த துணியைக் காயப்போட்டாள். மேற்படி துணிகளால் மேற்படி மரத்தின் மன அமைதி குலையக்கூடும் என்று கடிதம் வந்தது. பலகையின் புகழ் பரவி, மரத்தைக் கட்டிப்பிடித்து மூச்சு விடும் சங்கத்தார் காலைதோறும் வரத் தொடங்கினார்கள். அப்போது அதுதான் நாகரிகம். வீட்டில் பெற்ற தாயோடு பேச நேரமில்லாதவர்களெல்லாம் மரத்திடம் நலம் விசாரித்தார்கள். போட்டோவுக்கு வெளிச்சம் நன்றாக விழுந்த பக்கமாகவே நின்று எல்லோரும் கட்டிப்பிடித்ததில், மரம் வீட்டின் மேல் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

தையற்காரர் ஓடிப்போய் ஆபத்து என்று முறையிட்டார். அலுவலர் வந்து அண்ணாந்து பார்த்து, ஆபத்துதான் என்று ஒப்புக்கொண்டார். கிளை கூரையில் விழுந்தால் கிளைக்கு அடிபடும். ஆகவே மரத்தின் நலன் கருதி வீட்டை அகற்றிக்கொள்ள வேண்டியது.

தையற்காரர் பலகையையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படிப் பார்த்ததில்தான் அந்த யோசனை வந்தது.

"சார், வீடு பாதுகாக்கப்பட்ட வீடான்னு பாத்தீங்களா?"

"அதை யாரும் கேக்கலையே."

"நான் கேக்குறேன்."

அலுவலர் பெருமூச்சு விட்டார். விதி விதிதான். வீட்டுக்கும் ஒரு கயிறும் பலகையும் வந்தன.

செய்தி தெருவில் தீயாகப் பரவியது. எதையாவது யாராவது பிடுங்கப் பார்த்தால் முந்திக்கொண்டு போய்க் கேட்டுவிட்டால் போதும். மாமனார் திருப்பிக் கேட்ட சாய்வு நாற்காலியைப் பற்றி ஒரு மருமகன் கேட்டார். மனைவி மழிக்கச் சொன்ன மீசையைப் பற்றி ஒரு கணவர் கேட்டார். மாடிப்படி முழுக்க வரிசை. ஒரு நாள் அந்த வரிசையில் ரொட்டிக்காரர்கூட நின்றார்.

இவ்வளவு கூட்டத்தைக் கண்டு மேலதிகாரிகள் மிரண்டுபோனார்கள். பிரிவையே மூடிவிடுவது என்று தீர்மானித்தார்கள். அன்று சாயங்காலம் அலுவலர் கால்சட்டைப் பொத்தான் தைக்க வந்தவர் போலத் தையற்கடைக்கு வந்தார். பொத்தான் சரியாகத்தான் இருந்தது.

"ஒரு சின்னக் கேள்வி கேட்டீங்கன்னா என் குடும்பம் பிழைக்கும்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

தையற்காரருக்கு மனசு இளகிவிட்டது. பாவம், நல்ல மனுஷன், விதிதான் கோணல். மரப் பாதுகாப்புப் பிரிவு பாதுகாக்கப்பட்ட பிரிவா என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். பிரிவு பரிசீலனைக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய பூரிப்போடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அந்தப் பிரிவை மூடியிருந்தா நம்ம மரம் யார் பரிசீலனையில இருக்கும்?"

தையற்காரர் யோசித்தார். "யார் பரிசீலனையிலும் இருக்காது."

"அப்ப நாளைக்கே வெட்டியிருக்கலாம்."

கொல்லையில் மரம் முனகியது.

அவள் அவரைக் கேட்கவில்லை, அலுவலரைக் கேட்கவில்லை. விடிந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போய் ரம்பத்தைக் கேட்டாள். ரொட்டிக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் மாவைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"என் மச்சான் அதை எடுத்துட்டுப் போறேன்னு நின்னான்மா. அதனால போன வாரம்தான் போய்க் கேட்டு வச்சேன்."

அடுப்புக்குப் பின்னால் ஆணியில் ரம்பம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது.