சர்வர் அறையில் ஆடிய முத்து

முத்துச்சித்தர் வந்துவிட்டார்! முத்தையாபுரம் பக்கத்துக் கன்டெய்னர் யார்டில் வேலை நின்றது, பக்தி ஓடியது. சர்வர் அறை வாசலில் எலுமிச்சை மாலை. "என் மருமவ போனு அடிக்கடி நிக்கி, சாமி பாப்பாரா?" என்று கேட்டவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள்.

யார்டின் கேட்டை நடத்துவது, ஒன்றாக இணைத்த மூன்று சர்வர்கள். ஒன்று வேலை பார்க்கும், மற்றவை காத்திருக்கும். காலையில் மின்சாரம் போய் வந்தபின் எது வேலை பார்க்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கேட் திறக்கவில்லை. வெளியே டெரன்ஸின் லாரியில் இறால், ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

பொறியாளர் பானுப்ரியா ஏரலில் பஸ் ஏறிவிட்டாள். அதுவரை பொறுக்க முதலாளி சங்கரபாண்டியனுக்கு மனமில்லை. சித்தரை அழைத்துவிட்டார்.

நூலில் கட்டிய முத்தைச் சித்தர் ஒவ்வொரு சர்வர் பெட்டியின் பின்னாலும் பிடித்தார். முதல் இரண்டில் லேசாக அசைந்தது. மூன்றாவதில் சாமியாட்டமே ஆடியது.

"இதுலதான் உசிரு இருக்கு. மத்த ரெண்டும் தீட்டு. அணைச்சிருங்க."

முதலாளி சுவிட்சில் கை வைத்த நேரம், பானுப்ரியா ஓடி வந்தாள். "அண்ணாச்சி, தப்பானத அணைச்சா இன்னைக்குப் பதிவெல்லாம் போயிரும். டெரன்ஸ் அண்ணன் இறால் ரோட்டுலயே நாறும்!"

"ஏளா, சாமியவே சந்தேகப்படுதியா?"

"முத்தைத்தான் அண்ணாச்சி."

மூன்றாவது பெட்டிக்கும் முத்துக்கும் நடுவே ஓர் அட்டையைப் பிடித்தாள். முத்து அசையவில்லை. தெய்வ சக்தியை ஓர் அட்டை மறைத்துவிட்டது! அடுத்து முத்தை வாங்கி ஏசிக்கு நேரே பிடித்தாள். குதித்து ஆடியது.

"அப்ப ஏசியத்தான் கேட்டத் திறக்கச் சொல்லணும்," என்றார், லாரியை விட்டு உள்ளே வந்திருந்த டெரன்ஸ். முத்தை வாங்கிப் பல்லில் தேய்த்தார். "நல்ல முத்துன்னா நறநறங்கும். இது வழுக்குது. பிளாஸ்டிக்கு!"

மூன்றாவது பெட்டி தூசி அடைத்துச் சூடேறியிருந்தது. அதனால்தான் அதன் காற்றாடி முத்தே ஆடும்படி ஊதியது.

பானுப்ரியா ஒரே ஒரு வரி தட்டினாள். நடத்துவது முதல் பெட்டி என்று திரையில் வந்தது. சித்தர் அணைக்கச் சொன்னதில் ஒன்று! இணைப்பைச் சரிசெய்தாள், கேட் திறந்தது. இறால் லாரி உள்ளே போகுமுன், சித்தரின் பைக் வெளியே பறந்தது.

"அடடா, நம்ம இன்வெர்ட்டரையும் சாமிகிட்ட காட்டியிருக்கலாமே," என்றார் முதலாளி.

மூன்று பெட்டியையும் சோதித்தாயிற்று, அண்ணாச்சி. கழுத்துக்கு மேலே இருக்கும் பெட்டியை எப்போது சோதிப்பீர்கள்?