நூற்றெண்பதிலிருந்து கழிக்கவும்

என் பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டத்தைப் பார்த்து யாராவது மரியாதையாகப் பேசினால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அந்தப் பட்டத்துக்காக, காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் குடும்பத்துப் பெண்களுக்கு முழங்கால் மடங்காது என்று எழுபது பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டவள் நான். நான் மட்டுமில்லை, மூன்று பேர். ஆனாலும் அந்த முழங்கால்களைத் தொட்டு அளந்தது நான்தான்.

எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தேன். அது என்ன படிப்பு என்று காஞ்சிபுரத்தை அடுத்த எங்கள் முசரவாக்கத்தில் கேட்டவர்களிடம் அப்பா, "டாக்டரு மாதிரிதான், ஊசி மட்டும் போடாது" என்று சொல்லி வைத்திருந்தார். (ஊர் அதைக் "காலு புடிச்சி வுடுற படிப்பு" என்று சுருக்கிக்கொண்டது.) கடைசி வருடம் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். அது தேறினால்தான் பட்டம். லீவு முடிந்து கிளம்பிய அன்று அப்பா என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"த பாரும்மா வசந்தா, இந்த தபா பாஸாயிட்டு வந்தியா, வேலைக்குப் போ. நான் குறுக்க நிக்க மாட்டேன். இல்லன்னா உங்க அத்தை வூட்டுக்கு வாக்கு குடுத்துடுவேன்."

அத்தை மகனுக்கு அரிசி மில் இருந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் வாயைத் திறந்தால் தவிட்டைப் பற்றி மட்டும்தான் பேசுவார். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் தொடங்கி மோர் வரை அதைக் கேட்டவள் நான். ஆகவே அந்த ஆய்வேடு எனக்கு உயிர்ப் பிரச்சினை.

எங்கள் குழுவில் மற்ற இரண்டு பேர் கஸ்தூரியும் தாமோதரனும். கஸ்தூரிக்கு இங்கிலீஷ் கொட்டும்; எதைக் கொடுத்தாலும் நாலு பக்கம் எழுதுவாள். தாமோதரன் ஆற்காட்டுக்காரன். தன் பெயரைச் சொல்வதைக்கூட யாரோ மறுத்துப் பேசியது போல அழுத்திச் சொல்வான். நானோ, "காஞ்சிபுரம் நம்ம ஊருதான், தறிக்காரங்க எல்லாரும் நமக்குப் பழக்கம்" என்று அளந்துவிட்டேன். (எனக்குப் பழக்கமானது பஸ் ஸ்டாண்டும் அதற்கு எதிரில் இருந்த காபி கிளப்பும்தான்.)

அதை நம்பித் தலைப்பை முடிவு செய்தார்கள். தறியில் ஆண்கள் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் மிதிக்கிறார்கள். பெண்கள் தரையில் சம்மணமிட்டு ராட்டையில் பட்டு நூல் சுற்றுகிறார்கள். இதனால் இருவர் முழங்காலும் எப்படி மாறுகிறது?

சின்ன காஞ்சிபுரத்தில் ஏழுமலை அண்ணன் என்ற நெசவாளரை ஒருவழியாகத் தேடிப் பிடித்தேன். அமாவாசையன்று வரச் சொன்னார். அன்றைக்குத் தறி ஓடாது, தெருவே சும்மா இருக்கும். நாங்கள் ஆளுக்கொரு கோனியோமீட்டருடன் போய் இறங்கினோம். பள்ளிப் பிள்ளைகளின் பாகைமானிக்கு இரண்டு கை முளைத்தது போன்ற சாமான் அது; மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்க. ஒரு வரிசை எண்கள் பூஜ்யத்தில் தொடங்கி நூற்றெண்பதுக்குப் போகும். அடுத்த வரிசை நூற்றெண்பதில் தொடங்கிப் பூஜ்யத்துக்கு வரும்.

தாமோதரன் முதலில் ஏழுமலை அண்ணனின் மனைவி கன்னியம்மா அக்காவிடம் போய்க் குனிந்தான். அக்கா காலை இழுத்துக்கொண்டார்.

"நீ அந்தாண்ட போ தம்பி. பொம்பளைங்க காலு இந்தப் பொண்ணு பாக்கட்டும்."

அப்படித்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது. ஆண்கள் எல்லாம் முன்னால் தறி அறையில் தாமோதரனிடம். பெண்கள் எல்லாம் பின்கட்டில் என்னிடம். நடுவில் ஒரு சுவர். நடையில் கஸ்தூரி நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து, "எவ்ளோ?" என்று கத்துவாள். முன்னாலிருந்து "நூத்தி முப்பது!" என்று வரும். பின்னாலிருந்து நான் "அம்பது!" என்பேன். "நூத்தி முப்பத்தஞ்சு!" "நாப்பத்தஞ்சு!"

"இன்னாபா இது, வூட்டுக்குள்ள ஏலம் போட்டுக்கினு இருக்குறீங்க?" என்று ஏழுமலை அண்ணன் கேட்டார். நாங்கள் சிரித்தோம். அங்கேயே யோசித்திருக்கலாம்.

கல்லூரிக்குத் திரும்பிக் கணக்குப் போட்டால், ஆண்களின் முழங்கால் சராசரியாக நூற்று முப்பது டிகிரி மடங்குகிறது. பெண்களுக்கு வெறும் ஐம்பது. எனக்குத் தலை சுற்றியது.

"ஏன்டி கஸ்தூரி, கன்னியம்மா அக்கா குந்திக்கினு அவரக்கா நறுக்கினாங்களே. அம்பது டிகிரில எப்படிக் குந்த முடியும்?"

"நீ அளந்தியா இல்லியா?" என்றான் தாமோதரன்.

"அளந்தேன்."

"அப்புறம் என்னா? நம்பர் பொய் சொல்லுமா?"

சொல்லாதுதான். இருந்தாலும் குழப்பம் தீரவில்லை. ஹாஸ்டல் அறையில் என் முழங்காலையே மடக்கி அளந்தேன். நாற்பத்தெட்டு! எனக்கும் அந்த வியாதி! சந்தேகத்துக்குக் கஸ்தூரியைப் பிடித்து அளந்தேன். நாற்பத்தேழு. அவள் வெளுத்துப் போனாள். ஒரு வாரம் இரண்டு பேரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினோம். தரையில் உட்காரும்போதெல்லாம், இது எப்படி முடிகிறது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தோம். கஸ்தூரி அதற்கும் சேர்த்து ஓர் அத்தியாயம் எழுதிவிட்டாள். "ராட்டை முழங்கால்" என்று ஒரு புது வியாதிக்குப் பெயரே வைத்தாள். எங்கள் பேராசிரியை பூரித்துப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு ஆய்வில் கலந்துகொண்ட இரண்டு பேரை அழைத்து வரச் சொன்னார்கள். ஏழுமலை அண்ணனும் கன்னியம்மா அக்காவும் பஸ் பிடித்து வந்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வயதானவர், அதிகம் பேசாதவர். நான் எழுந்து நின்று, "நெசவுக் குடும்பப் பெண்களின் முழங்கால் ஐம்பது டிகிரிக்கு மேல் மடங்காது" என்பதை மனப்பாடம் செய்த இங்கிலீஷில் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பெரிய மனிதர்கள் முன்னால் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, நான் அந்த வாக்கியத்தை முடிக்கும்போது அவர் புடவையைச் சரிசெய்துகொண்டு தரையில் சம்மணமிட்டுச் சுகமாக உட்கார்ந்தார்.

தேர்வாளர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தமிழில் கேட்டார்.

"அந்த அம்மா இப்ப எத்தனை டிகிரில உக்காந்திருக்காங்க?"

அத்தை மகனின் மில்லிலிருந்து தவிடு பறந்து என் கண்ணை மறைத்தது. தேர்வாளர் ஏழுமலை அண்ணனை மேசைமேல் படுக்க வைத்து, "ரெண்டு பேரும் இவர் காலை அளங்க" என்றார். ஒரே கால். ஒரே முழங்கால். தாமோதரன், "நூத்தி முப்பது" என்றான். நான், "அம்பது" என்றேன்.

"ரெண்டும் சரிதான்" என்றார் அவர். காலை நீட்டியிருக்கும் நிலையை அவன் பூஜ்யம் என்று வைத்து ஒரு வரிசையைப் படித்திருக்கிறான். நான் அதையே நூற்றெண்பது என்று வைத்து அடுத்த வரிசையைப் படித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பாகைமானி பிடித்த நாளிலிருந்து எனக்கு அதுதான் பழக்கம். என்னுடையதை எல்லாம் நூற்றெண்பதிலிருந்து கழித்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே முழங்கால்.

கன்னியம்மா அக்கா தரையிலிருந்தே சொன்னார்: "எங்க காலெல்லாம் நல்லாத்தான் இருக்குது சார். இதுங்க ரெண்டும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினு அளந்திருந்தா இந்த வம்பே இல்ல."

கழித்துவிட்டு ஒரு வாரத்தில் திருப்பி எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். கழித்தோம். எழுபது பக்கம் பதினெட்டானது. தான் பெயர் வைத்த வியாதியைக் கோடு போட்டு அடித்தபோது கஸ்தூரி நிஜமாகவே அழுதாள். முடிவுரை ஒரே வரி: வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. தேறுவதற்கு எவ்வளவு மார்க் வேண்டுமோ அதை மட்டும் போட்டார்கள்.

நான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அப்ப அந்தப் பையன் அளந்தது கரெக்டா, நீ அளந்தது கரெக்டா?" என்று கேட்டார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஏனென்றால் மூன்று வருடம் கழித்து அந்தப் பையனையே கல்யாணம் செய்துகொண்டேன். முகூர்த்தத்துக்கு வந்த கன்னியம்மா அக்கா மணமேடைக்கே வந்து, "இப்பவாச்சும் ஒருத்தர ஒருத்தர் நல்லா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்றும் நாங்கள் சண்டை போட்டால் என் மகள் என்ன ஏது என்று விசாரிப்பதில்லை. "யாராவது ஒருத்தர் நூத்தியெண்பதுல கழிச்சிட்டு சாப்பிட வாங்க" என்று தட்டை வைத்துவிடுவாள்.

போன மாதம் முழங்கால் வலி என்று பிசியோதெரபி பார்க்கும் ஒரு சின்னப் பையனிடம் காட்டப் போனேன். அவன் அளந்துவிட்டு, "நூத்தி இருபதும்மா, வயசுக்கு நல்லாவே மடங்குது" என்றான். பின்னாலிருந்து தாமோதரன், "தம்பி, அது எந்த வரிசை?" என்றார். நான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு அங்கேயே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து காட்டினேன்.

எழுப்புவதற்குத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது.