குருவிப்பாறைப் பாதையைக் காத்த கழகம்

மனிதன் எதற்காக நான்கு காலை விட்டு இரண்டு காலில் எழுந்து நின்றான் என்பதற்கு அறிஞர்கள் பல காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள். அத்தனையும் தவறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தேரி மலைமேல் மூச்சிரைக்க ஓடி, உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இறங்கி வந்து இட்லி சாப்பிடுவதற்காகத்தான் அவன் எழுந்து நின்றான். இந்த உண்மையைக் கண்டுபிடித்த பெருமை தருமபுரி நெடுந்தூர மலையோட்டக் கழகத்தையே சாரும்.

கழகத்தின் செயலாளர் நிசார் அகமது. தருமபுரி கடைவீதியில் மெத்தைக் கடை வைத்திருப்பவர். இலவம்பஞ்சு, தேங்காய்நார், ஃபோம் என்று மனிதர்களைப் படுக்க வைப்பதே பரம்பரைத் தொழில். வாழ்க்கையில் அவர் ஒரு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. பஸ் நின்றால் ஏறுவார், போனால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். சர்க்கரை கூடியிருக்கிறது, தினமும் கொஞ்சம் நடங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அன்று, அதே ஆஸ்பத்திரி வாசலில் தமிழ்மணியைச் சந்தித்ததுதான் வினை.

தமிழ்மணி கல்யாண மண்டப உரிமையாளர். ஒருமுறை நீலகிரிப் பக்கம் நடந்த மலை ஓட்டத்தில் கலந்துகொண்டு, 'முடித்தவர்' என்று முதுகில் அச்சடித்த பனியனோடு திரும்பியவர். பாதி வழியில் ஜீப்பில் ஏறினாரா என்பது பற்றி ஊரில் இரண்டு கருத்துகள் உண்டு. பனியன் பற்றி ஒரே கருத்துதான். நடப்பது நோயாளிகளுக்கு, ஓடுவது தலைவர்களுக்கு என்று அவர் சொன்னதைக் கேட்டு நிசார் மெய்சிலிர்த்துப் போனார். கழகம் பிறந்தது. சொன்னவர் தலைவர், சிலிர்த்தவர் செயலாளர்.

பயிற்சி உடனே தொடங்கியது. எடுத்த எடுப்பில் ஓடுவது ஆபத்து என்பதால் முதல் சில மாதங்கள் மண்டபத்தின் ஏசி அறையில் கூட்டங்களாகவே பயிற்சி நடந்தது. உப்புத் தண்ணீர் குடிப்பதை ஆராய 'வியர்வைத் துணைக்குழு' அமைந்தது. அடியில் பல் வைத்த ஷூ வாங்கப்பட்டது. உடம்புக்குள் நடப்பதையெல்லாம் உடம்புக்கே சொல்லித் தரும் கைக்கடிகாரம் வாங்கப்பட்டது. நிசாரின் மனைவி குல்ஷன் அந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தால் மெத்தை கிழியும் என்று மட்டும் எச்சரித்தார்.

தருமபுரி டவுனுக்குள் மலை கிடையாது. அதனால் 'புவியீர்ப்பு எதிர்ப்புப் பயிற்சி' ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டில் நடந்தது. கழகத்தார் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கினார்கள். பெங்களூரு வண்டியைத் தவறவிட்டுப் பதறுகிறார்கள் என்று நினைத்துப் பயணிகள் அனுதாபப்பட்டார்கள். ஒரு பெரியவர் நிசாரை நிறுத்தி, அடுத்த வண்டி இதே பிளாட்பாரத்துக்குத்தான் வரும், அவசரப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார்.

இப்படிக் கடும் பயிற்சி பெற்ற பிறகே கழகம் மலையேறியது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரிவரை பஸ் போகும் ரோடு இருக்கிறது. அதற்கப்பால் குருவிப்பாறை என்ற சின்ன ஊருக்கு ஒற்றையடிப் பாதைதான். பாறை, வேர், சறுக்கல், நடுவில் ஓர் ஓடை. அதைப் பார்த்ததும் தமிழ்மணியின் கண் கலங்கியது. இயற்கையே தன் கையால் போட்ட ஓடுதளம் இது, வெளிநாட்டிலும் இல்லை என்றார். மாவட்டமே வியக்கும் மலை ஓட்டப் போட்டியை இங்கேதான் நடத்துவது என்று நின்ற இடத்திலேயே தீர்மானம் ஆயிற்று.

அப்போதுதான் அந்தப் பேரிடி விழுந்தது. பாதையோரக் கற்களில் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தது. விசாரித்தால், குருவிப்பாறைக்காரர்கள் கேட்டுக்கேட்டு அங்கே தார் ரோடு போட உத்தரவாகியிருந்தது.

கழகம் அவசரக் கூட்டம் கூட்டியது. தார் ரோட்டில் ஓடினால் முழங்கால் தேயும் என்பதை வியர்வைத் துணைக்குழு ஆதாரத்தோடு விளக்கியது. "ஒரு ஊருக்கு ரோடு எப்ப வேணா போட்டுக்கலாம். ஒரு முழங்கால் போனா வருமா?" என்று தமிழ்மணி கேட்டபோது பலர் தங்கள் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பாதையை அதன் தூய நிலையிலேயே காக்கக் கோரும் மனு தயாரானது. 'பொதுமக்கள் சார்பாக' என்று போட்டு, செயலாளர் நிசார் கையெழுத்திட்டு, ரோடு போடும் அலுவலகத்துக்குத் தாமே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மனுவைப் படித்த அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். அவர் சர்வீஸில் குடிதண்ணீர் வேண்டும், பட்டா வேண்டும், பஸ் வேண்டும் என்ற மனுக்களையே பார்த்து நொந்தவர். எதையும் செய்ய வேண்டாம் என்று கேட்ட முதல் குடிமகன் நிசார்தான். டீ வரவழைத்தார். மாவட்டத்தில் அவ்வளவு வேகமாக நிறைவேறிய கோரிக்கை வேறில்லை என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். நிசாருக்கு அன்று கால் தரையில் படவில்லை.

கால் தரையில் பட்டது அதற்கடுத்த பயிற்சியின்போது. காக்கப்பட்ட பாதையில், காக்கப்பட்ட பாறை ஒன்றில் ஷூவின் பல் மாட்டி, நிசார் குப்புற விழுந்தார். கணுக்கால் பந்துபோல வீங்கியது. எழ முடியவில்லை. கைக்கடிகாரம் மட்டும், நல்ல ஓய்வு எடுக்கிறீர்கள் என்று பாராட்டியது. உடன் வந்தவர்கள் உதவிக்கு ஆள் அழைக்க ஓடினார்கள். ஓடியவர்கள் ஓட்டத்தின் வேகத்தில் சித்தேரி போய்ச் சேர்ந்து, அங்கிருந்து இட்லிக் கடைக்கும் போய்விட்டார்கள்.

குருவிப்பாறைக்காரர்கள்தான் வந்தார்கள். மாது என்ற இளைஞனும் அவன் சித்தப்பா அர்ச்சுனனும் இன்னும் இரண்டு பேரும். ஒரு மூங்கிலில் கம்பளியைத் தொட்டில்போலக் கட்டி, டோலி செய்து, நிசாரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். மெத்தை வியாபாரியின் முதுகு எதையும் சும்மா ஒப்புக்கொள்ளாது. அந்தக் கம்பளியை அது ஒப்புக்கொண்டது. எங்கே வளைந்தார்கள், எங்கே தோள் மாற்றினார்கள் என்பதே தெரியவில்லை. அடிக்கடி தூக்குவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தார்.

"இந்த ஊருக்கு ரோடு வராதாங்க?"

"வந்துதுங்க," என்றான் முன்னால் தோள் கொடுத்த மாது. "கல்லுல பெயிண்டுகூட அடிச்சாங்க. அப்பறம் கீழ டவுன்ல யாரோ வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம்."

"யாருன்னு தெரியுமாங்க?"

"தெரியலைங்க. தெரிஞ்சா அவங்களையும் ஒருவாட்டி இப்பிடித் தூக்கிட்டுப் போயிக் காட்டலாம்."

நிசார் கம்பளியின் ஓரத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெயிலா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். அப்போது மரநிழலில் போய்க்கொண்டிருந்தார்கள்.

கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்த நாளெல்லாம், சொந்தக் கடையின் உயர்ந்த ஃபோம் மெத்தையில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஒருநாள் குல்ஷனிடம் எல்லாவற்றையும் சொன்னார். குல்ஷன் திட்டவில்லை. "வேணாம்னு எழுதத் தெரிஞ்ச கைக்கு வேணும்னு எழுதத் தெரியாதாங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

நிசார் ஊன்றுகோலோடு அலுவலகத்துக்குப் போனார். அதே அதிகாரி. அதே டீ. புது மனுவைப் படித்ததும் அவர் முகம் மட்டும் வாடியது.

"ஒரே பொதுமக்கள் ரெண்டு விதமா கேட்டா எப்பிடிங்க? மொதல்ல கேட்டதை நிறைவேத்தியாச்சு. ஃபைலை மூடியாச்சு. மூடின ஃபைலைத் தொறந்தா, நாங்க செஞ்சது தப்புன்னு ஆயிருமில்லீங்களா?"

தமிழ்மணியிடம் போய் முறையிட்டார். தலைவர் அவர் தோளைத் தட்டி, இது காயம்பட்ட வீரர்களுக்கு வரும் மனச்சோர்வு, வாழைப்பழம் சாப்பிட்டால் சரியாகும் என்றார். போட்டியில் ஓட முடியாத நிசார் 'எல்லைக்கோட்டுப் பொறுப்பாளர்' ஆக்கப்பட்டார். ஓடாவிட்டாலும் அவருக்கு எண் அட்டை உண்டு. அதைச் சட்டையில் குத்திக்கொண்டு நிற்பது கட்டாயம்.

போட்டி நாளில் சித்தேரி கல்யாணக் கோலம் பூண்டது. எல்லைக்கோட்டில் பலூன் வளைவு, ரிப்பன், மேளம், பதக்கத் தட்டு. வீரர்களுக்குக் கால் பிடித்துக்கொண்டால் ஏற்றிப் போகத் தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றும் சேலத்திலிருந்து வந்திருந்தது. குருவிப்பாறை போய்த் திரும்புவதுதான் ஓட்டம். கொடியசைத்து அனுப்பிவிட்டு, தமிழ்மணி மைக்கோடு மேடையேறினார்.

யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் பாதையில் தலைகள் தெரிந்தன. "இதோ வருகிறார்கள் நமது மண்ணின் மைந்தர்கள்" என்று தமிழ்மணி முழங்கினார். மேளம் கொட்டியது. ரிப்பன் அறுந்தது. அறுத்தது ஒரு மூங்கில் முனை.

மாதுவும் அர்ச்சுனனும் மற்றவர்களும் டோலியோடு வளைவுக்குள் புகுந்து வந்து நின்றார்கள். டோலிக்குள் மாதுவின் மனைவி சுசித்ரா பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஒரு துணிப்பையோடு ஓடி வந்தாள் மாதுவின் தாய் காசியம்மாள். வேகத்தில் யாரோ மாதுவின் கழுத்தில் பதக்கத்தை மாட்டிவிட்டார். இன்னொருவர் காசியம்மாளின் கையில் வாழைப்பழத்தைத் திணித்து, வெற்றி பெற்ற இந்த நேரத்தில் எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார். சுசித்ரா அலறினாள். அதை வெற்றி முழக்கம் என்று நினைத்து மேளக்காரர் அடியைக் கூட்டினார்.

மாது டோலியை நேரே ஆம்புலன்ஸுக்குக் கொண்டுபோனான். உள்ளே இருந்த உதவியாளர் கதவை மறித்துக்கொண்டு, எண் அட்டை எங்கே என்று கேட்டார். மேடையிலிருந்து இறங்கி வந்த தமிழ்மணி, தமக்கு இதயம் இருக்கிறது, ஆனால் இன்சூரன்ஸுக்கு இல்லை என்று உருக்கமாக விளக்கினார். பதிவு செய்த வீரர்களை மட்டுமே ஏற்றலாம். மலைமேல் இன்னும் எத்தனை கால்கள் ஆபத்தில் இருக்கின்றனவோ.

"ஏத்துங்க சார். நேரமாவுது," என்றான் மாது.

நிசார் நொண்டிக்கொண்டே வந்தார். தம் சட்டையிலிருந்த எண் அட்டையைப் பிடுங்கினார். சட்டையும் கொஞ்சம் கிழிந்தது. சுசித்ராவைப் போர்த்தியிருந்த கம்பளியில் அதைக் குத்தினார்.

"இது ஆள்மாறாட்டம்ங்க," என்றார் தமிழ்மணி.

"எல்லைக்கோட்டுப் பொறுப்பாளர் நான்," என்றார் நிசார். "இவங்க பதிவு பண்ணின வீராங்கனை. ஓட்டத்தை முடிச்சுட்டாங்க. வண்டியில ஏத்துங்க."

உதவியாளர் எண்ணைப் பார்த்தார், திருப்தியடைந்தார், கதவைத் திறந்தார். பாப்பிரெட்டிப்பட்டி ஆஸ்பத்திரியில் இறக்கிய சற்று நேரத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம் என்று போன் வந்தபோது, போட்டியின் 'உண்மையான' முதல் வீரர் ஓடையில் ஷூவைத் தேடிக்கொண்டிருந்தார்.

முடிவை அறிவிப்பதில் கழகத்துக்குச் சிக்கல் வந்தது. படுத்துக்கொண்டு வந்தவர் ஓடியவர் ஆவாரா? விதிகளைப் புரட்டியதில், கால் தரையில் பட வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. மேலும் அந்தச் செய்தி அதற்குள் எல்லார் போனிலும் சுற்றி, கழகத்துக்குப் பெரும் புகழ் சேர்த்திருந்தது. எனவே மகளிர் பிரிவில் முதல் பரிசு சுசித்ராவுக்கே என்று தீர்ப்பாயிற்று.

தருமபுரி மண்டபத்தில் பரிசளிப்பு விழா. மருமகள் சார்பில் காசியம்மாள் வந்திருந்தாள். கூட்ட நடவடிக்கை எழுதும் பேனாவோடு நிசார் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தமிழ்மணி கேடயத்தைத் தூக்கிப் பிடித்து, குருவிப்பாறைப் பாதையில் மனித குலம் இதுவரை இவ்வளவு வேகமாக இறங்கியதில்லை, இது கழகம் காத்துக் கொடுத்த பாதையின் சாதனை என்று முழங்கிவிட்டு, மைக்கைக் காசியம்மாளிடம் நீட்டினார்.

"எறங்கியிருக்காங்க சார்," என்றாள் காசியம்மாள். "போன வருசம் எம் மகளத் தூக்கிக்கிட்டு இதவிட வெரசா எறங்குனாங்க. அவளுக்கும் இதே வலிதான். கீழ வந்து கம்பளியப் பிரிச்சா உசுரு இல்ல. அதுக்கப்பறந்தான் நாங்க ரோடு கேட்டோம்."

சாதனை என்று அறிவித்தது பொய்யாகிவிடக் கூடாதே என்று தமிழ்மணி அவசரமாக விதிகளைப் புரட்டினார். தேடியது கிடைத்ததும் நிம்மதியாக மூச்சுவிட்டு, நிசாரை எழுதிக்கொள்ளச் சொன்னார். நிசார் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு எழுந்து, காசியம்மாளின் அருகில் போய் நின்றுகொண்டார்.

வேறு வழியில்லாமல் தலைவரே தம் கைப்பட எழுதினார்: 'கடந்த ஆண்டின் வேகத்தைக் கழகம் ஏற்க இயலாது. மேற்படி பெண் முன்பதிவு செய்திருக்கவில்லை.'