அப்பா ஃபெயில் ஆக்கிய ஆறு நாவல்கள்

பெருமதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தில் உள்ள அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மட்டும் தங்களுக்கு லேசாக உடம்பு சரியில்லாமல் போனால் நன்றாயிருக்கும் என்றும் வேண்டிக்கொள்கிறேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு தலைவலி போதும். புகைப்படக்காரருக்கும் அப்படியே.

தங்கள் வாசகர் பக்கத்தில் ஆறு வாரமாக நாவல்களுக்கு மதிப்பெண் போட்டுவரும் ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரி நான்தான். அதாவது, அதிகாரி என் அப்பா. மதிப்பெண் போட்டது நான். பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு. அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது.

இப்போது மணி இரவு பதினொன்றரை. எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் ஒரே கதவு குளியலறைக் கதவுதான் என்பதால், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, மடியில் பூகோளப் புத்தகத்தை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அது வாளியின் குற்றம். அதற்குள் அம்மா இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டாள்.

"ஏண்டி, இன்னுமா உள்ள?"

"வயிறு சரியில்லம்மா."

"சாயங்காலம் நல்லாத்தானே இருந்தே?"

"இப்பதான் சரியில்ல."

"கண்டதைத் தின்னா இப்படித்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். கண்டதைப் படித்ததால் வந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

அப்பாவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பது வருடமாக, வண்டி ஓட்டிக் காட்ட வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்துக் குறிப்பெழுதுவதுதான் அவர் வேலை. முதல் தடவையிலேயே தேறியவர் ஒருவர் உண்டு என்று பேச்சு இருக்கிறது, ஆனால் அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. வண்டி நின்றதும் அப்பா இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, "மறுபடி வாங்க" என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. பள்ளியில் என்னை 'மறுபடி வாங்க பொண்ணு' என்கிறார்கள். வீட்டிலும் அதே கண்டிப்புதான். "பத்தாவது முடியற வரைக்கும் கதைப் புத்தகத்தை உன் கையில பாத்தேன், அன்னிக்கே உன்னை உங்க பெரியப்பா வீட்டுல கொண்டுபோய் விட்டுடுவேன்" என்று வருட ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். பெரியப்பா கணக்கு வாத்தியார். விடியற்காலை நாலரைக்கு எழுப்பி, பல் துலக்கும் முன்பே ஒரு கணக்குக் கொடுப்பார். விடை சரியாக வந்தால்தான் பற்பசை. போன விடுமுறையில் நான் நான்கு நாள் பல் துலக்கவில்லை.

அப்படியிருக்க நாவல் எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தையல் அக்கா கடை வைத்திருக்கிறாள். துணிக்காகக் காத்திருக்கிறவர்கள் படிக்கட்டும் என்று ஓர் அலமாரி நிறைய நாவல் அடுக்கியிருக்கிறாள். சொன்ன நாளில் துணி கொடுக்கும் வழக்கம் அவளுக்கு இல்லாததால் அலமாரி பெரிது. என் சீருடையின் ஓரத்தை இந்த வருடம் மட்டும் பதினோரு தடவை பிரித்துத் தைத்திருக்கிறோம். "இந்தப் பொண்ணு வளருதா, தேயுதா?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். அப்போது சரித்திர நாவலில் கோட்டைக்குத் தீ வைத்திருந்தார்கள், என் மனம் முழுக்க அங்கே இருந்தது.

முதலில் என் சொந்தப் பெயரில், சொந்த வயதில்தான் உங்களுக்குக் கருத்து எழுதினேன். 'சிறுவர் பகுதிக்குப் படம் வரைந்து அனுப்பலாமே' என்று நீங்கள் அன்போடு ஓர் அட்டை போட்டீர்கள். நான் வரைந்தால் பூனையும் மாடும் ஒன்றுபோலத்தான் வரும். கோபத்தில் அடுத்ததை அப்பா பெயரில், அப்பா தொழிலைப் போட்டு, அப்பா பேசுகிற மாதிரியே எழுதி அனுப்பினேன். மறு வாரமே கட்டம் கட்டிப் போட்டுவிட்டீர்கள். ஆகவே குற்றத்தில் பாதி உங்களுடையது என்று பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. சரித்திர நாவலில் அரசன் குதிரையைத் திருப்பும்போது பின்னால் வரும் படைக்குக் கை காட்டவில்லை, அதனால் முப்பது மதிப்பெண் என்று எழுதினேன். பேய் நாவலில் நாயகி விளக்கில்லாமல் படியேறுகிறாள், பின்னால் யார் வருகிறார்கள் என்று ஒரு தடவையாவது பார்த்தாளா? பன்னிரண்டு. விண்வெளி நாவலில் கப்பல் புறப்படவே நூற்றெண்பது பக்கம், இறங்கி நடந்திருக்கலாம், இருபத்தைந்து. குடும்ப நாவலில் ஒரே வீட்டில் இருபத்து மூன்று பேர், அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதற்காகப் பதினெட்டு. காதல் நாவலில் நாயகன் முந்நூறு பக்கமும் ஒருவழிப் பாதையில் எதிர்த் திசையில் போகிறான், ஒன்பது.

ஐயா, இதில் விண்வெளி நாவலுக்குப் போட்டது மட்டும்தான் உண்மையான மதிப்பெண். பயத்தில் இருக்கும்போது பொய் சொல்ல வரவில்லை, அதனால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். சரித்திர நாவலில் அரசன் செத்த அன்று அவன் குதிரைக்குத் தண்ணீர் காட்ட ஒருவருக்கும் ஞாபகமில்லை என்று ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரிக்கே நான் நூறு போட்டிருப்பேன். பேய் நாவலைப் படித்த நாளிலிருந்து இருட்டியபின் இந்தக் குளியலறைக்குப் பாடிக்கொண்டேதான் வருகிறேன், அதைவிட ஒரு பேய்க்கு என்ன மரியாதை வேண்டும்? குடும்ப நாவலில் மூத்த மருமகள் ஒரு மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய், இறங்காமலே திரும்பி வருகிறாள். எதற்கென்று எழுதியவர் சொல்லவே இல்லை. அந்தப் பக்கத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்போல இருந்தது. காதல் நாவலை மூன்று தடவை படித்தேன். ரயில் நகர ஆரம்பித்தபின் அவன் ஓடிவருகிற இடத்தில் இரண்டு சொட்டு அழுதேன். ஒன்பது என்று எழுதும்போது கை கூசியது. ஆனால் ஒருவழிப் பாதையில் எதிரே வந்தவனுக்கு அப்பா அதற்கு மேல் போட மாட்டாரே!

வினை இங்கேதான் ஆரம்பித்தது. தேர்வுக்கு வருகிறவர்கள் எல்லோரும் உங்கள் இதழைப் படிக்கிறார்கள் போலிருக்கிறது. போன வாரம் சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இன்னிக்கு ஒருத்தன் வந்தான். வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடியே, 'அந்த அரசன் கை காட்டியிருக்கணும் சார், நீங்க சொன்னது ரொம்ப நியாயம்'ங்கறான்."

"எந்த அரசன்?" என்றாள் அம்மா.

"அதைத்தான் நானும் கேட்டேன். 'அதானே சார், அவனெல்லாம் ஒரு அரசனா!'ன்னு சிரிக்கறான்."

"வெயில்ல நிக்க வெச்சா எல்லாருக்கும் இப்படித்தாங்க ஆகும்."

"நேத்து ஒரு அம்மா, 'ஒன்பதுகூட அதிகம் சார், அவனை நான் உள்ளயே விட்டிருக்க மாட்டேன்'னாங்க. யாரைன்னு கேட்டா கண்ணடிக்கறாங்க. நான் ஃபெயில் போட்டுட்டேன்."

எனக்குப் புரையேறியது. அம்மா தலையில் தட்டினாள். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஆறாவதான துப்பறியும் நாவல்தான் என் கழுத்தை அறுத்தது. தையல் அக்காவுக்கு ஒரு பழக்கம்: துணிமேல் வைத்து அளவு வெட்டக் காகிதம் கிடைக்காவிட்டால் அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்துக் கடைசிப் பக்கங்களைக் கிழித்து ஒட்டிக்கொள்வாள். "முடிவு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்பாள். அந்த நாவலின் கடைசிப் பதினாறு பக்கங்கள் எதிர்வீட்டு நர்ஸ் அம்மாவின் சட்டைக்குக் கை அளவாகப் போய்விட்டன. அவர்களோ சட்டையைப் போட்டுக்கொண்டு நடமாடுகிறார்கள், கொலைகாரன் யாரென்று எனக்குத் தெரியாது. நானே யோசித்து, பல் மருத்துவர்தான் செய்திருக்க வேண்டும், பூட்டிய அறைக்குள் கத்தாமல் ஒருவனை வாய் திறக்கவைக்க வேறு யாரால் முடியும் என்று எழுதி, முப்பத்து நான்கு போட்டு அனுப்பிவிட்டேன். அதற்கு அந்த நாவலாசிரியர் உங்களுக்கே எழுதிவிட்டாராமே! 'என் நாவலில் கொலைகாரன் தோட்டக்காரன். ஆனால் அதிகாரி சொன்னதைப் படித்தபின் இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி. அடுத்த பதிப்பில் மாற்றுகிறேன். அவரை நேரில் பார்க்க வேண்டும்.' அதை அப்படியே போட்டு, கீழே, 'ஞாயிறு காலை பத்து மணிக்கு நாவலாசிரியருடன் நம் அதிகாரியின் இல்லத்துக்கே செல்கிறோம்' என்று நீங்கள் அறிவித்திருப்பதை நேற்றுத் தையல் அக்கா கடையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? நாவலாசிரியர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பல் மருத்துவர்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்பார். அப்பா, "எந்தப் பல்?" என்பார். திங்கட்கிழமை நாலரை மணிக்கு நான் பெரியப்பா வீட்டில் இருப்பேன். தையல் அக்காவின் அலமாரியில் இன்னும் நாற்பத்தேழு நாவல் நான் தொடாமல் இருக்கிறது. அவள் வெட்டுகிற வேகத்தைப் பார்த்தால், நான் திரும்பி வருவதற்குள் எதற்குமே முடிவு இருக்காது.

ஆகவே தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: யாரும் வர வேண்டாம். 'வாசகர் பக்கக் கருத்துகளுக்கும் அந்த அதிகாரிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று அடுத்த இதழில் ஓரமாக ஒரு வரி போட்டுவிடுங்கள். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். காலையில் இதைத் தையல் அக்காவிடம் கொடுத்துவிடுவேன். நூல் வாங்க உங்கள் தெருவுக்குத்தான் வருகிறாள், நேரில் கொடுப்பாள்.

தங்கள் இதழ் இன்னும் நூறு வருடம் வரவும், தங்களுக்கு நல்ல கதைகளாகவே தபாலில் வரவும், தலைவலி ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் தீர்ந்துவிடவும் வாழ்த்தி வணங்கும்,

தங்கள் அதிகாரியின் மகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். கண்டிப்பாக வாருங்கள்.

கடிதத்தை மடிக்கும்போது கதவைத் தட்டினார்கள். அம்மா என்று நினைத்துத் திறந்தால் அப்பா. நான் கடிதத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவரும் எதையோ முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். "சீக்கிரம் வெளிய வா, வயிறு சரியில்ல" என்றார். சொல்லும்போதே அது நழுவிக் கீழே விழுந்தது. காதல் நாவல்! தையல் அக்காவிடம் பித்தான் தைக்கப் போன இடத்தில் வாங்கினாராம்.

அவர் அதை அவசரமாகக் குனிந்து எடுத்தார். பிறகு அப்பா உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டார். ஞாயிறு வருவதாக நீங்கள் எழுதிய கடிதம் திங்கட்கிழமையே அவர் அலுவலகத்துக்கு வந்துவிட்டதாம். இதழில் வந்த கருத்துகளைப் பார்த்ததும், எழுதியது நான்தான் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டதாம்.

"ஏம்பா அப்பவே திட்டல?" என்றேன்.

"எப்படித் திட்டறது? பெரிய அதிகாரி என் மேஜைக்கு வந்து உக்காந்து, 'இவ்வளவு பெரிய ரசிகனா நீ! சொல்லவே இல்லையே'ன்னாரு. பத்தொன்பது வருஷத்துல என்கிட்ட யாரும் அப்படி வந்து உக்காந்ததில்லம்மா. ஆமான்னு சொல்லிட்டேன்."

"பெரியப்பா வீடு?"

"அதை ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பேசிக்கலாம். பத்து மணிக்கு அவங்க வந்து எதையாவது கேட்டா யாரு பதில் சொல்றது? நீ பக்கத்துலயே இரு."

அப்போது வெளியிலிருந்து அம்மா, "அப்பாவுக்கும் பொண்ணுக்கும் ஒரே நேரத்துலயா வயிறு போகும்? நானும் அதைத்தானே சாப்பிட்டேன்!" என்று கத்தினாள்.

ஆகவே வாருங்கள். ஆனால் காதல் நாவலையும் துப்பறியும் நாவலையும் பற்றி மட்டும் கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரால் அவ்வளவுதான் முடியும். பேய் நாவல் வேண்டாமாம், அவருக்குப் பயம்.

இப்போது மணி மூன்று. அப்பா காதல் நாவலை முடித்துவிட்டார். கண் இரண்டும் சிவந்திருக்கிறது. "இதுக்கு ஒன்பது போட உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?" என்று கேட்டார். அவர் போட்டிருப்பது தொண்ணூற்றெட்டு. குறைத்த இரண்டும், நாயகன் ரயில் நிலைய வாசலில் நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை நிறுத்தியதற்காம். அழுத இடங்களைப் பக்க எண்ணோடு குறித்து, உட்கார்ந்த இடத்திலேயே நான்கு பக்கம் எழுதியும் முடித்துவிட்டார். ஆனால் ஒரு தேர்வு அதிகாரி இப்படியெல்லாம் எழுதினால் நாளைக்கு எவனும் பயப்பட மாட்டானாம். அதனால் என் பெயரைப் போட்டு உங்களுக்கு அனுப்பப் போகிறாராம். ஐயா, அதை மட்டும் தயவுசெய்து பிரசுரித்துவிடாதீர்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாமா?